தெருவுக்கு ஏற்ற படகு

1970களின் கடைசியில் எங்கள் கூட்டத்துக்குப் படகு கட்டும் ஆசை வந்தபோது தாம்பரத்தில் தண்ணீருக்குக் குறைவில்லை. சேலையூர் ஏரி, இரும்புலியூர் ஏரி, பீர்க்கன்காரணை ஏரி. சைக்கிளை இன்னும் கொஞ்சம் மிதித்தால் மாடம்பாக்கம். ஐப்பசி மழை விடாமல் பிடித்தால் கலங்கல் வழியும். மரத்துக்கும் குறைவில்லை. மளிகைக் கடைக்காரர் காலித் தேயிலைப் பெட்டிகளைச் சும்மாவே தருவார். மரவாடியில் துண்டுப் பலகை கேட்டால் கிடைக்கும். கிடைக்காதது வரைபடம் மட்டும்தான்.

அதைத் தேடித்தான் மின்சார ரயில் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, மூர் மார்க்கெட்டுக்குப் போவோம். பழைய புத்தகக் கடைகளில் பாப்புலர் மெக்கானிக்ஸ் போன்ற அமெரிக்க இதழ்கள் குவிந்து கிடக்கும். வீட்டுக் கொட்டகையில் வைத்துக் கட்டக்கூடிய சின்னப் படகுகளின் படம் அவற்றில் வரும். படகின் பக்கத் தோற்றம் ஒரு தாளில் இருக்கும். அளவுகள் போட்ட அடுத்த தாள் கிழிந்து போயிருக்கும். அல்லது ‘தொடரும்’ என்று முடிந்திருக்கும். அந்த அடுத்த இதழ் எந்தக் கடையிலும் இருக்காது. 1985இல் மூர் மார்க்கெட் எரிந்த செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவை அந்தப் படங்கள்தான். பலகை சேர்ந்தது, படம் சேரவில்லை. ஏரியில் நாங்கள் மிதந்ததெல்லாம் வாழைமரத் தெப்பத்தில்.

அந்த நாளில்தான் கோவளம் கரையில் ஒரு பெரியவரிடம் போய் நின்றோம். வரைபடம் இருக்கிறதா என்று கேட்டோம். “இந்த அலையில இறங்கி ஏறணும். அதுக்கு எது தாங்குமோ அதுதான் மரம். இதுக்கு எதுக்குத் தம்பி படம்?” என்றார். கட்டுமரத்தை அங்கே யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, மரம்தான். அப்போதுதான் கரையேறிய மரம் ஒன்றின் கட்டை அவர் அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஈரத்தில் இறுகிப்போன தேங்காய்நார்க் கயிற்றின் முடிச்சைக் குதிகாலால் மிதித்துத் தளர்த்தினார். கட்டைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து மணலில் உருண்டன. ஊறிய மரம் காய்ந்து கனம் குறைந்தால்தான் மறுபடி நன்றாக மிதக்கும் என்பதால் தனித்தனியாக வெயிலில் போடுவார்கள். நடுக்கட்டையின் முனை செதுக்கிச் செதுக்கி மேல்நோக்கி வளைந்திருந்தது. உடையும் அலைமேல் ஏற அந்த வளைவு. மேலே விழுகிற தண்ணீர் கட்டைகளுக்கு நடுவே வடிந்துவிடும், இறைக்கவே வேண்டாம். துறைமுகம் இல்லாத கரைக்கு அதைவிடப் பொருத்தமான வடிவத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

சென்னையின் மசூலா படகும் அப்படித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் துறைமுகம் கட்டப்படும்வரை, கப்பல் வெளியே நங்கூரமிட, ஆளும் சரக்கும் கரை வந்தது அதில்தான். உள்ளே வங்குக்கால் கிடையாது, ஆணியும் கிடையாது. பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். மணலில் மோதும்போது உடம்பு நெளிந்து கொடுக்கும். ஆணி அடித்த விறைப்பான படகு அதே இடத்தில் பிளந்துவிடும். கரைதான் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது. பெரியவர் எங்களுக்குச் சொன்னது அதைத்தான். வரைபடம் கிடைக்காத ஏக்கத்தில் இருந்த பையன்களுக்கு அது பதிலாகத் தோன்றவில்லை.

இன்றைக்கு முடிச்சூரில் இருக்கும் என் அண்ணன் மகளின் கைபேசியில் நூற்றுக்கணக்கான வரைபடங்கள் இருக்கின்றன. 1947இல் கிளார்க் மில்ஸ் அமெரிக்காவில் சிறுவர்களுக்காக வடிவமைத்த ஆப்டிமிஸ்ட். ஏழே முக்கால் அடி நீளம், உலகமெங்கும் பிள்ளைகள் பாய்மரம் பழகுவது இதில்தான். 1960களின் தொடக்கத்தில் ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னெலும் சேர்ந்து வரைந்த மிர்ரர். லண்டன் டெய்லி மிர்ரர் பத்திரிகை ஆதரித்ததால் அந்தப் பெயர். பிளைவுட் துண்டுகளின் ஓரத்தில் துளை போட்டு, செம்புக் கம்பியால் தைத்து, மூட்டின்மேல் கண்ணாடியிழை நாடாவைப் பிசினோடு ஒட்டினால் படகு. மசூலாவில் தையல் கடைசிவரை படகைத் தாங்கும். மிர்ரரில் பிசின் இறுகும்வரை பிடித்திருந்தால் போதும். தச்சுவேலை தெரியாதவர்களும் படகு கட்ட முடிந்தது இந்த முறையால்தான். பிறகு ஃபில் போல்ஜர் வரைந்து டைனமைட் பேசன் கட்டிக் காட்டிய எளிய படகுகள். ஒவ்வொன்றும் அழகு. அந்த நாளில் இவற்றில் ஒன்று முழுசாகக் கிடைத்திருந்தால் பரீட்சைக்குக்கூடப் போயிருக்க மாட்டேன்.

வரைபடம் வந்து சேர்ந்த காலத்தில் ஏரிகள் எங்கள் கையில் இல்லை. பாதி குறுகிவிட்டன, மிஞ்சியவற்றைச் சுற்றிக் கம்பிவேலியும் நடைபாதையும் வந்துவிட்டன. ஆனால் தண்ணீர் எங்கும் போய்விடவில்லை, தெருவுக்கு வருகிறது. 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் பதிவானது 49 சென்டிமீட்டர். அடையாறு முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் கடந்துதான் கடலுக்குப் போகிறது; அன்று அது வீடுகளுக்குள்ளேயே போனது. 2023 மிக்ஜாம் புயலிலும் தெருக்கள் மூழ்கின. அதற்குப் பிறகுதான் அவள் கேட்டாள்: “சித்தப்பா, நம்ம தெருவுக்குன்னு ஒரு படகு கட்டி வெச்சுக்கலாமே. இதுல எதைக் கட்டலாம்?”

2015இல் மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்குள் வந்தார்கள். கடலை நம்பிப் பிழைப்பவர்கள், கேட்காமலே வந்து ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார்கள். அந்தக் கடனை இந்த ஊர் இன்னும் தீர்க்கவில்லை. ஆனால் அந்தப் படகுகள் அலைக்காகப் பிறந்தவை, நீளமானவை. குறுக்குத் தெருவில் திரும்ப முடியவில்லை. முழுகிக் கிடந்த பைக்கும் மதில் சுவரும் தட்டும் என்று மோட்டாரைத் தூக்கிவிட்டு, ஆட்களே இறங்கித் தள்ளினார்கள். ஆகவே அவளிடம் படங்களை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, முதலில் தெருவை அளக்கச் சொன்னேன். தண்ணீர் இடுப்பு முதல் மார்பு வரை. அலை இல்லை. தெரு முனையில் மட்டும் இழுப்பு. அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாது. வாசல் கதவு மூன்றடி அகலம். ஏற வேண்டியவர்களில் பாதிப் பேர் முதியவர்கள்.

இந்த அளவுகளை வைத்துக்கொண்டு பார்த்தால் அழகான படகுகள் வரிசையாக உதிர்கின்றன. பாய்மரம் கம்பத்து ஒயரில் மாட்டும். ஆப்டிமிஸ்ட் வாசலில் நுழையாத அகலம். கூரான அடி கொண்டவை தரை தட்டிச் சாயும். ஒகேனக்கல் பரிசலை நான் ரொம்ப யோசித்தேன். மூங்கில் மலிவு, வெகு குறைந்த ஆழத்தில் மிதக்கும். ஆனால் இரும்பு கேட்டின் ஈட்டிமுனை ஒன்று குத்தினால் அதன் தோல் கிழிந்துவிடும். பழகாத கையில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

நின்றது தட்டையடிப் படகு, பெட்டி மாதிரி. நீளம் எட்டடி, அகலம் 33 அங்குலம், பக்கப்பலகை 15 அங்குலம், முன்னும் பின்னும் அடிப்பகுதி லேசாக மேலே வளைந்தது. எட்டுக்கு நான்கு அடி பிளைவுட், 6 மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு ஷீட் போதும். ஆறு அங்குலம் முங்கினால், முனைகளின் வளைவைக் கழித்துவிட்டு, ஏறக்குறைய 240 லிட்டர் தண்ணீரை ஒதுக்கும். அதாவது 240 கிலோ தாங்கும். படகின் கனம் 35 கிலோ போக மூன்று பேர். அதற்குமேலும் ஒன்பது அங்குலப் பக்கம் தண்ணீருக்கு வெளியே இருக்கும். இரண்டு பேர் தூக்கி மாடிப்படி ஏறலாம்.

ஷீட்டில் ஐஎஸ் 710 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அதுதான் மரைன் பிளைவுட். அதற்குக் குறைந்த தரம் அலமாரிக்குச் சரி. வருஷம் முழுக்கச் சும்மா கிடந்து நான்கு நாள் மட்டும் ஊறப்போகும் படகு என்பதால் கரையானும் வெயிலும்தான் இதற்குப் பெரிய எதிரி. வெட்டிய ஓரங்களுக்கெல்லாம் இபாக்சி பூசச் சொன்னேன். வெள்ளைப் பசை ஊறினால் விட்டுவிடும் என்பதை ஆசாரியே சொல்லிவிட்டார்.

எங்களுக்குள் கடைசியாக வாதம் நடந்தது துடுப்பைப் பற்றித்தான். இரண்டு பக்கமும் நீட்டிப் போடும் தண்டுகள் வேண்டும் என்றாள். படத்தில் அப்படித்தான் இருந்தது. மதில்களுக்கு நடுவே அவற்றை வீச இடம் இருக்காது என்றேன். ஒரு குட்டைத் துடுப்பு, ஒரு மூங்கில் கழி, அத்துடன் நான்கு மூலையிலும் கயிற்றுப் பிடி என்று முடிவாகியிருக்கிறது. தண்ணீரில் நடந்து வருகிறவர் பிடித்து இழுக்கவும், ஏற முடியாதவர் பிடித்துக்கொண்டே வரவும் அந்தப் பிடிதான் உதவும். பங்குனியில் மரவாடிக்குப் போகிறோம். ஐப்பசிக்குள் கட்டி, சாயம் காய்ந்துவிட வேண்டும்.