வீட்டுக்குள் ஒரு வானொலி அருங்காட்சியகம்

கேள்வி: வீடு முழுக்கப் பழைய றேடியோக்கள் சேர்த்துவிட்டேன். வீட்டுக்காரி “இதென்ன இரும்புக்கடையோ?” என்கிறா. அருங்காட்சியகம் ஆக்கலாமா?
– வாசகர், தர்மபுரம்

பதில்: தாராளமாக! இரும்புக்கடையில் எடை பார்ப்பார்கள். அருங்காட்சியகத்தில் கதை கேட்பார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் அதன் கதையை எழுதி வையுங்கள்.

இலங்கை வானொலிக்குக் கதைப் பஞ்சமே இல்லை. 1920களில் எட்வர்ட் ஹார்ப்பர் கொழும்பில் ஒலிபரப்பைத் தொடங்கியபோது, பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கியின் வானொலிப் பாகங்களும் அதற்கு உதவின.

வன்னியின் கதை இன்னும் பெரிது. தொண்ணூறுகளின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பற்றரி கிடைக்கவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுழற்றி, டைனமோ மின்சாரத்தில் சனம் செய்தி கேட்டது. அப்படி ஒரு சைக்கிளை றேடியோவுடன் இணைத்து வாசலில் வையுங்கள். பிள்ளைகள் சுழற்றட்டும், கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரும் ஓய்வார். தடை என்றால் என்னவென்று அப்போது விளங்கும்.

காட்சிக்கு வைக்குமுன் கவனம்: வால்வு றேடியோவை எடுத்த எடுப்பில் மின்சாரத்தில் சொருகாதீர்கள். பழைய கொண்டென்சர் புகைந்துவிடக்கூடும். தெரிந்த திருத்துநரிடம் முதலில் காட்டுங்கள். உள்ளே கிடக்கும் பழைய பற்றரிகளைக் கழற்றுங்கள்; கசிந்து தகட்டை அரித்துவிடும்.

றேடியோ தந்தவரின் நினைவுகளை அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள். பழுதான பெட்டியைப் பிறகும் திருத்தலாம். குரலைத் தவறவிட்டால் போனதுதான்.