பதினைந்து நாள் புராணம்

சென்னை புல்ஸ் என்று ஒரு ரக்பி அணி உண்டு. 2025 ஜூன் 15-ல் ரக்பி பிரிமியர் லீக் தொடங்கியது. ஜூன் 29-ல் நம்மாட்கள் டெல்லி ரெட்ஸை 41-0 என்று துவைத்துக் காயப்போட்டு முதல் சாம்பியன் ஆனார்கள். பிறப்பு, பால்யம், பட்டாபிஷேகம் எல்லாம் பதினைந்து நாளில். எங்கள் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் ஒரு கும்பாபிஷேகத்துக்கு 418 வருஷம் காத்துக் கிடந்து 2022-ல்தான் கண்டார். அவருக்கு ஸ்பான்சர் வாய்க்கவில்லை, பாவம்.

இதில் சென்னை எங்கே வருகிறது? பெயரில் வருகிறது. ஆறு அணிகளும் மோதிய அத்தனை ஆட்டமும் மும்பை அந்தேரி மைதானத்தில். ஒரு ஆட்டம் பதினாறு நிமிடம்; விளம்பரத்துக்கு நடுவே கொஞ்சம் ரக்பியும் காட்டலாம்.

டீக்கடையில் செய்தியைச் சத்தமாக வாசித்தேன். "நம்ம டீமு ஜெயிச்சிருக்கு, மக்கா."

"நம்ம டீமா? அதுல எவம்லே நம்ம ஆளு?" என்றார் பெஞ்சில் இருந்த பெரியவர்.

ஊர் ஆட்களே நடத்திய ரக்பி கிளப்புகளும் உலகத்தில் இருந்தன. வட இங்கிலாந்தின் சுரங்கத்திலும் மில்லிலும் உழைத்தவர்கள் சனிக்கிழமை ஆடப்போனால் அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலியை மட்டும் கொடுங்கள் என்று கிளப்புகள் கேட்டன. முடியாது, பணம் தொட்டால் ஆட்டம் தீட்டாகிவிடும் என்றார்கள் லண்டன் கனவான்கள். அவர்களுக்குச் சனிக்கிழமையும் ஒன்றுதான், செவ்வாய்க்கிழமையும் ஒன்றுதான். 1895 ஆகஸ்ட் 29-ல் ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்து ஜார்ஜ் ஹோட்டலில் கூடி 22 கிளப்புகள் வெட்டிக்கொண்டு வந்தன. ரக்பி லீக் என்கிற ஆட்டமே அப்படிப் பிறந்தது. சண்டை, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆறு ஷில்லிங்குக்கு!

அந்த ஆறு ஷில்லிங் இன்றுவரை திருவட்டாறு வந்து சேரவில்லை. இங்கே ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற பையன் விடியும் முன்பே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு முந்நூறு மரம் வெட்டியாக வேண்டும். பிறகு சிரட்டை சிரட்டையாகப் பாலை வாளியில் ஊற்றி, டிஷ்ஷில் ஆசிட் விட்டு உறையவைத்து, ஷீட் அடித்து முடித்தால்தான் கூலி. நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்தில் காலை எட்டு மணிக்கு செலக்ஷன் என்றால் அவன் என்ன செய்வான்? கூலியை விடவேண்டும், அல்லது கனவை விடவேண்டும். எதை விடுவான் என்று அவன் அம்மையிடம் கேளுங்கள். உலகத்துப் பந்துக்கெல்லாம் ரப்பர் கொடுக்கிற ஊர்களில் இதுவும் ஒன்று. பஸ் கூலி கொடுக்க நாதி இல்லை. ஜெயித்தபின் வாழ்த்து ஃபிளெக்ஸ் வைக்க மட்டும் கவுன்சிலர் முதல் மந்திரி வரை வரிசை.

அணி ஜெயித்தால் நமக்கு என்ன, தோற்றால் நமக்கு என்ன என்று கேட்பவர்கள் சிட்னிக் கதையைக் கேளுங்கள். சவுத் சிட்னி, 1908-ல் கூலிக்காரர் பேட்டையில் முளைத்த ரக்பி லீக் கிளப். லாபக் கணக்குப் பார்த்து 1999-ல் அதை லீகிலிருந்து துரத்தினார்கள். மறுவருஷம் சுமார் எண்பதாயிரம் பேர் தெருவில் இறங்கினார்கள். ஒரு பக்கம் ஊர்வலம், மறுபக்கம் கோர்ட்டு. 2002-ல் கிளப் மறுபடியும் களத்தில் நின்றது.

நம் பக்கத்துக்கு வருவோம். சென்னை சிட்டி எஃப்.சி. என்று ஒரு கால்பந்து கிளப். பெயர் சென்னை, மைதானம் கோயம்புத்தூர்; அந்தேரிக்கு அது எவ்வளவோ பக்கம். எங்கள் இரவிபுத்தன்துறைக் கடற்கரைப் பையன் மைக்கேல் சூசைராஜ் அங்கே ஆடித்தான் நாடறிய வளர்ந்தார். 2018-19 பருவத்தில் ஐ-லீக் கோப்பையை அடித்த கிளப், சில வருஷத்திலேயே லீகில் இல்லாமல் போனது. எண்பதாயிரம் பேர் வேண்டாம், எட்டுப் பேர் சென்னையிலோ கோவையிலோ தெருவுக்கு வந்ததாக ஞாபகம் உண்டா? முதலாளி கடை திறந்தார், முதலாளி கடை அடைத்தார். சென்னை என்கிற பெயரை எடுத்துக்கொள்ள ஊருக்கு ஒரு பைசா வாடகை கொடுத்தாரா, திருப்பி வைக்கும்போது ஒரு வார்த்தை சொன்னாரா என்று கேட்கக்கூட நமக்கு ஒரு உறுப்பினர் சீட்டு கிடையாது. ஜெர்சி மட்டும் விற்பார்கள். அதையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.