லெட்டர் கொடுக்கப் போகிறவர்

“இந்த அரியர் மட்டும் கைக்கு வரட்டும் சார், மறுநாளே ராஜினாமா லெட்டரைக் கொடுத்துடுறேன்” என்பார். குரலில் துளிப் பொய் இருக்காது. அரசு வங்கியில் அதிகாரி, மனசளவில் விவசாயி. திருமயம் பக்கம் அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கரில் மாப்பிள்ளைச் சம்பா போடுவது திட்டம். இப்போதைக்கு அங்கே சீமைக்கருவேலம் தானாகவே அமோகமாக விளைகிறது.

சேர்ந்த புதிதில் அவரைத் தடுத்தது கிராஜுவிட்டி. அப்போதிருந்த 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஐந்து வருஷம் முடித்தால்தான் அது கிடைக்கும். “நாலு வருஷத்துல போறவன் மடையன்” என்றார். நியாயம்தான். ஐந்து முடிவதற்குள் கல்யாணம், ஊழியருக்கான சலுகை வட்டியில் வீட்டுக்கடன். பிறகு ஒருநாள் யாரோ அவரிடம் பென்ஷன் விதிகளைக் கொடுத்துவிட்டார்கள். ராஜினாமா செய்தால் பார்த்த சர்வீஸ் அத்தனையும் அம்போ. 20 வருஷம் முடித்து விருப்ப ஓய்வில் போனால் பென்ஷன் உண்டு. சரி, இருபது. இருபதும் வந்தது. கூடவே இன்னொரு விதியும் கண்ணில் பட்டது: முழுப் பென்ஷனுக்கு 33 வருஷ சர்வீஸ் வேண்டும். “இன்னும் பதிமூணுதானே” என்கிறார் இப்போது.

நடுநடுவே சம்பள ஒப்பந்தம் வேறு. 2017 நவம்பர் முதல் அமல் என்று கணக்கிட்ட ஒப்பந்தம் 2020 நவம்பரில்தான் கையெழுத்தானது. 2022 நவம்பருக்கு உரியது 2024 மார்ச்சில். பேச்சுவார்த்தை நடக்கும்போது எவனாவது வேலையை விடுவானா? விட்டால் அரியர் என்னாவது? அரியர் வந்து, அதில் ஸ்கூட்டர் வாங்கி, அதற்கு நம்பர் பிளேட் மாட்டி முடிப்பதற்குள் அடுத்த ஒப்பந்தப் பேச்சு கிளம்பிவிடும்.

மேஜைக் கண்ணாடிக்கடியில் இயற்கை விவசாயம் பரப்பிய நம்மாழ்வார் படம். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலைய வேலையை அவர் 1969-லேயே உதறிவிட்டு வந்த கதையை, பாஸ்புக் பதிய வருகிறவர்களுக்கும் சொல்வார். ஒருமுறை காசாளர், “சுஜாதா ஓய்வு பெறுகிறவரை பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இருந்துகொண்டேதானே எழுதினார்? நீங்களும் சனி, ஞாயிறு பயிர் பண்ணலாமே” என்று கேட்டுவிட்டார். “அது கதை சார். நெல்லு என்ன, ஞாயித்துக்கிழமை மட்டும் வளருமா?” காசாளரோடு பேச்சுவார்த்தை முறிந்தது.

ஆசை பொய்யில்லை. திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவுக்கு லீவு போட்டுப் போய், இரண்டு கிலோ விதைநெல் வாங்கி வந்தார். அடுத்த வருஷம் அதை நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. ஊருக்கெல்லாம் கடன் கொடுக்கிறவரின் பெயரில் இப்போது அங்கே ஒரு வாராக்கடன். விதைநெல் பீரோவில், பத்திரங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவ்வப்போது கையில் அள்ளி மோந்து பார்ப்பார் என்று வீட்டம்மா சொல்கிறார்.

இதுவரை சிரிக்கலாம். ஆனால் நகைக்கடன் புதுப்பிக்க வந்த பாட்டி டோக்கனோடு உட்கார்ந்திருக்கும்போது, இவர் யூடியூபில் பஞ்சகவ்யம் தயாரிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். “போகப்போறவன் எதுக்குப் புது சாஃப்ட்வேர் கத்துக்கணும்?” என்று கேட்டே அவர் பங்கு வேலை முழுவதும் புரொபேஷனில் இருக்கும் பெண்ணின் தலையில் விழுந்துவிட்டது. அவள் ராத்திரி எட்டு மணிக்குத்தான் பஸ் பிடிக்கிறாள். “இதெல்லாம் ஒரு வேலையாம்மா? சின்ன வயசு, விட்டுட்டுப் போ” என்று அவளுக்கு உபதேசம் வேறு. கல்விக்கடன் கட்டுகிற பிள்ளை. என்ன பதில் சொல்வாள்? இவர் உண்மையிலேயே கிளம்பினால் அந்த நாற்காலிக்கு வேலை செய்கிற ஓர் ஆளையாவது போடுவார்கள்.

ஓய்வுபெற்ற அதிகாரிகளைத் தணிக்கை வேலைக்கு ஒப்பந்தத்தில் எடுப்பதுண்டு. அதற்கு வயது வரம்பு என்ன என்று போன வாரம் மண்டல அலுவலகத்துக்குப் போன் போட்டு விசாரித்திருக்கிறார்.

“சும்மா, தெரிஞ்சு வச்சுக்கலாம்னுதான் சார்.”