இல்லாத டெலிடைப்பிடம் ஏமாந்தவன்

கணினி வேலையில் பெரிய தவறு செய்தவனுக்கு ஒரு மரியாதை உண்டு. ஒரு வங்கியின் செர்வரையே படுக்க வைத்தவன், வருடங்கள் கழித்தும் தேநீர் மேசையில் அதைச் சொல்லிச் சிரிக்கலாம். என் தவறுகள் அந்தத் தகுதிக்கு வராதவை. எல்லாம் டெர்மினல் என்கிற கறுப்புத் திரைக்குள் சத்தமில்லாமல் நடந்து முடிந்தவை.

வீடு சிம்பாங் அம்பாட்டில். செர்வர் கடலுக்கு அந்தப் பக்கம் பாயான் லெப்பாஸில். நடுவே 2014இல் திறந்த, பினாங்கின் 24 கிலோமீட்டர் இரண்டாவது பாலம். அதில் ஏறாமல் கைலியோடு வேலை பார்க்க, தொலைவிலிருந்தே செர்வருக்குள் நுழைய விடும் எஸ்எஸ்எச் போதும். வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளாமலே பார்த்தேன்.

யூனிக்ஸ் என்ற இயங்குதளம் 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான காலத்தில், அதோடு பேச டெலிடைப் என்ற தட்டச்சுப் பொறிதான் இருந்தது. 1963இல் வந்த மாடல் 33 நொடிக்குப் பத்து எழுத்துகளைக் காகிதத்தில் அடிக்கும். பொறி போய்விட்டது, நம் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் ஷெல் முதலான நிரல்களோ அது எதிரில் இருக்கிறது என்ற நினைப்பிலேயே எழுதப்பட்டவை. அவற்றை ஏமாற்றத்தான் போலி டெர்மினல். யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸில் பிடிஎம்எக்ஸ் என்ற கோப்பை ஒரு நிரல் திறந்தால் இரட்டை முனைகள் பிறக்கும். மாஸ்டர் முனை நம் திரையை நடத்தும் நிரலின் கையில், அல்லது எஸ்எஸ்எச் சேவையின் கையில். மறுமுனை பிடிஎஸ் அடைவில் ஓர் எண்ணாக முளைக்கும். ஷெல் அங்கே உட்கார்ந்துகொண்டு, நிஜமான டெலிடைப்போடு பேசுவதாக நம்பும்.

இரண்டு முனைகளுக்கும் நடுவில், இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஒரு பகுதி இருக்கிறது. மாமாக் கடையில் ஆர்டர் எடுக்கும் தம்பி மாதிரி. நாம் மாற்றி மாற்றிச் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, முடிவானதை மட்டும் அடுப்படிக்குக் குரல் கொடுக்கும். எழுத்தைத் திரையில் திருப்பிக் காட்டுவது, பேக்ஸ்பேஸ் அடித்தால் அழிப்பது, கண்ட்ரோல் சி அமுக்கினால் ஓடும் நிரலுக்கு ‘நிறுத்து’ என்று சமிக்ஞை அனுப்புவது எல்லாம் அதன் வேலை. ஷெல் மட்டும்தான் ஏமாறுகிறது என்று நினைத்திருந்தேன்.

முதல் அடி கண்ட்ரோல் எஸ். வேர்டில் நிமிடத்துக்கொரு தரம் சேமிக்கிற கை. செர்வர் பதிவுகள் ஓடிக்கொண்டிருந்தபோது அந்தக் கை தன் பழக்கத்தைக் காட்டிவிட்டது. திரை நின்றது. எதை அடித்தாலும் அசையவில்லை. செர்வர் செத்துவிட்டது என்று அலுவலகத்துக்கே அறிவித்தேன். மூத்தவர் ஒருவர் போனில் கேட்டார்: “தம்பி, கண்ட்ரோல் எஸ் அமுக்குனியா?”

“சேவ் பண்ணேன்ணே.”

“கண்ட்ரோல் கியூ அமுக்கு.”

அமுக்கினேன். தேங்கி நின்றதெல்லாம் கொட்டியது. டெலிடைப்பின் காகித நாடாவை நிறுத்தவும் ஓட்டவும் இருந்த குறிகள் அவை. நாடா போய்ச் சேர்ந்த பிறகும் குறி அப்படியே இருக்கிறது.

அடுத்தது இடி மழை. இங்கே மதியத்துக்கு மேல் வானம் கறுத்தால் எங்கள் தெருவில் இணையம் முதலில் போகும். இணைப்பு செத்ததை செர்வர் உணர்ந்ததும் மாஸ்டர் முனை மூடப்படும். கெர்னல் உடனே ‘ஹேங்அப்’ என்று சமிக்ஞை விடும். மோடம் காலத்தில் தொலைபேசி வைக்கப்பட்டதற்கான அறிவிப்பு. ஷெல் தான் போகும்போது ஓடிக்கொண்டிருந்த வேலையையும் கூட்டிக்கொண்டு போய்விடும். இரவு முழுக்க ஓடவேண்டிய கணக்குகள் இப்படிப் போயின. நான் இணைய நிறுவனத்தைத் திட்டினேன், மழையைத் திட்டினேன். இதைத் தடுக்கும் நிரல்கள் இருக்கின்றன: ஸ்கிரீன் 1987இலேயே வந்துவிட்டது, டிமக்ஸ் 2007இல். இரண்டும் மாஸ்டர் முனையைச் செர்வரிலேயே வைத்துக்கொள்வதால், நம் பக்கம் அறுந்தாலும் அங்கே வேலை ஓடும். டிமக்ஸ் அந்தச் செர்வரில் முதல் நாளிலிருந்தே நிறுவப்பட்டிருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் இது ஒப்புதல் வாக்குமூலம் ஆகாது.

வெளியீட்டைப் பைப் போட்டு கிரெப் என்ற தேடல் நிரலுக்கு அனுப்பிய நிரல் ஒன்று வெகுநேரம் ஊமையாக இருந்ததால் அதைக் கொன்ற கதையும் உண்டு. இப்படிப்பட்ட நிரல் எதிரில் டெர்மினல் இருந்தால் வரிக்கு வரி வெளியிடும். பைப் என்று தெரிந்தால் சில ஆயிரம் பைட் சேரும்வரை வாயைத் திறக்காது. அது உயிரோடுதான் இருந்தது. பொறுமை எனக்கில்லை.

இவை அலுவலகத்தோடு போயின. கடைசியானது வீட்டுக்கு வந்தது. தீபாவளிச் சாமான் பட்டியல் கேட்டு வாங்க பாஷ் என்ற ஷெல்லில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன், முழுக்கத் தமிழில். 1985இல் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருள் செய்த நாட்டில் இருந்துகொண்டு டெர்மினலில் தமிழ் வராது என்று சொல்ல எனக்கு வெட்கம். மனைவி ‘அப்பம்’ என்று தட்டி, தவறு என்று ஒரு பேக்ஸ்பேஸ் போட்டு, ‘ளம்’ சேர்த்தாள். திரையில் அழகாக ‘அப்பளம்’. கோப்பில் ‘அப்பமளம்’.

நடந்தது இதுதான். யூனிகோடில் ‘ம்’ என்பது மகரமும் புள்ளியுமாக இரண்டு குறிகள். ஒவ்வொன்றும் மூன்று பைட். கெர்னல் கடைசிக் குறியான புள்ளியை மட்டும் தன் குறிப்பிலிருந்து நீக்கியது. திரைக்கோ ஒரு கட்டம் பின்னால் போய் அழி என்றது. அந்தக் கட்டத்தில் ‘ம்’ முழுசாக இருந்ததால் முழுசாகப் போனது. 2004க்கு முந்தைய கெர்னலாக இருந்தால் ஒரே ஒரு பைட்டை அழித்துவிட்டு மிச்சத்தைக் குப்பையாக விட்டிருக்கும். ஸ்கிரிப்டில் தட்டுவதை வாங்கும் ரீட் கட்டளையோடு ‘-இ’ சேர்த்திருந்தால் திருத்தும் வேலையை பாஷே எடுத்துச் செய்திருக்கும். ஷெல்லின் கட்டளை வரியில் மட்டும் சோதித்துப் பார்த்து, தமிழ் நன்றாக வருகிறது என்று மார்தட்டியிருந்தேன்.

பட்டியல் அப்படியே வாட்சாப்பில் மளிகைக் கடைக்குப் போனது. கடைக்கார அக்கா அழைத்தார். மனைவி போனை என்னிடம் நீட்டிவிட்டாள். நான் டெலிடைப்பில் தொடங்கி, இரண்டு முனைகளைக் கடந்து, புள்ளி தனிக் குறி என்பது வரை வந்திருந்தேன்.

“சரி தம்பி,” என்றார். “அப்பளம் எத்தன பாக்கெட்டு?”