அனுமாருக்கு வடைமாலை

பேராண்டி, பி.காம் முடிச்சுட்டு வேலை தேடி அலையுறியாமே? தப்பான பக்கம் தேடுறே. 2019 செப்டம்பர் 20ஆம் தேதியிலருந்து தேடிக்கிட்டு வா, அங்கனதான் எங்கயாச்சும் விழுந்து கெடக்கும்.

அன்னைக்குத்தான் நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் அம்மா கோவாவுல வச்சு, கம்பெனிக வரியை 30 சதவீதத்துலருந்து 22ஆ எறக்குனாக. வேற சலுகை கேக்கக் கூடாது, அம்புட்டுதான். புதுசா ஆலை போடுறவுகளுக்கு 15. வருசத்துக்கு 1.45 லட்சம் கோடி சர்க்காருக்குக் கொறையும்னு அவுகளே கணக்கும் சொன்னாக. கொறைஞ்சா என்ன? மிச்சக் காசுல மொதலாளி மிசின் வாங்குவாரு, ஆலை கட்டுவாரு, உன்னையக் கூப்புட்டு நாற்காலி போடுவாருன்னு பேச்சு. அன்னைக்கே பங்குச் சந்தை 1,900 புள்ளிக்கு மேல எகிறுச்சு. மொத ஆர்டர் அங்க போயிருச்சு, உன்னோடது தபால்ல வருது போல.

கொரோனா குறுக்க வந்துச்சேன்னு இழுக்காத. வந்துச்சு, இல்லைங்கல. ஆனா மிச்சம் புடிச்ச காசு எங்க போச்சுன்னு 2020லயே ரிசர்வ் பேங்க் ஆண்டறிக்கையில எழுதிப்புட்டாக: கடனை அடைச்சாகளாம், கையிருப்பைச் சேத்தாகளாம். தப்புன்னு நான் சொல்லல. கடன்காரன் கடனை அடைக்கிறது நல்ல பழக்கந்தான். உனக்கு வேலை குடுக்கத்தான் அந்தக் காசுன்னு சொன்னது யாரு, அதைத்தான் கேக்குறேன்.

நம்ம முக்கு டீக்கடைக்காரன் வாடகையைப் பாதியாக்கிப் பாரு. இன்னொரு மாஸ்டரை வைப்பானா? பொண்டாட்டிக்குத் தோடு வாங்குவான். பெஞ்சுல எடமில்லாம சனம் முண்டுனாத்தான் ஆள் வைப்பான். அப்ப வாடகை கூடுனாலும் வைப்பான். முண்டுறதுக்கு சனத்துக்கிட்ட காசு வேணும். காசுக்குச் சம்பளம் வேணும். சம்பளம் எங்கன்னு கேட்டா, நீ இந்தத் திண்ணையில உக்காந்திருக்கே.

2022ல நிர்மலா அம்மாவே பொறுக்க மாட்டாம மொதலாளிககிட்ட கேட்டுப்புட்டாக: "அனுமார் மாதிரி உங்க பலம் உங்களுக்கே தெரியலையா?"ங்கிற கணக்கா. ராமாயணத்துல ஜாம்பவான் வெறும் வாயாலதான் சொன்னாரு, அனுமார் கடலையே தாண்டிட்டாரு. இங்க லட்சம் கோடியில வடைமாலை சாத்தியும் கரையில நின்னு மாலையைப் பிச்சுத் தின்னுக்கிட்டிருக்காக.

எதிர்க்கட்சி மேடையில கேட்டதுன்னு நெனைக்காத. பார்லிமென்ட்ல வச்ச பொருளாதார ஆய்வறிக்கைதான் சொல்லுது: 2023-24ல பெரிய கம்பெனிக லாபம் 22.3 சதவீதம் ஏறுச்சு, ஆள் எண்ணிக்கை ஏறுனது 1.5. சம்பளமும் லாபத்துக்குப் பின்னாடி மூச்சு வாங்குது.

அதனால சீக்கிரம் ஒரு வேலையில சேந்துக்க, ராசா. அந்த வருசம் கம்பெனிக கட்டுன வரியைவிட உன்ன மாதிரி தனி ஆளுக கட்டுன வருமான வரிதான் சாஸ்தியாம். அடுத்த மாலைக்கு உளுந்து ஊறப் போடணும்ல?