குழாய்க்கிட்ட மல்லுக்கட்டாத, பேராண்டி!

வாய்யா பேராண்டி. கையில ரெண்டடி நீளத்துக்குப் பைப் ரிஞ்சு. சட்டையில மைக்கு. செவுத்தோரமா செல்போன நிக்க வச்சிருக்க. குளியலறைச் சாக்கடைக் குழாயக் கழட்டப் போறியா, படம் புடிக்கப் போறியா?

மொதல்ல ஒண்ணு சொல்லு. அந்தக் குழாய் இரும்பா, பிவிசியா, சுட்ட மண்ணா? தெரியாதா? பின்ன எந்த தைரியத்துல கை வச்ச?

நம்ம ஊரு குழாய் இறுகுறதுக்குக் காரணம் இருக்கு. கிரெட்டேசியஸ் காலத்துல இந்த எடம் கடலாக் கெடந்துச்சு. வாரணவாசி அருங்காட்சியகத்துல போய்ப் பாரு, சிப்பியெல்லாம் கல்லா ஒக்காந்திருக்கு. அந்தச் சுண்ணாம்புக்கல்ல நம்பித்தான் அரியலூரச் சுத்தி இத்தன சிமெண்டு ஆலை. அதே சுண்ணாம்புதான் போர் தண்ணியில வருது. சோப்பு தேய்ச்சா நுரைக்குதா? எங்க நுரைக்கும்! சோப்பும் சுண்ணாம்பும் திரிஞ்சு குழாய் உள்ளாறப் பூசிக்குது. வெளியில நம்மாளுங்க பூசுனாங்க. எங்க ஒழுவுனாலும் ஒரு கரண்டி சிமெண்டு! 1979-ல அரசு ஆலை வந்த பொறவு சிமெண்டுக்கா பஞ்சம்?

இரும்பா இருந்தா இன்னும் வம்பு. துரு இருக்கே, அது தின்ன இரும்ப விட ரொம்ப எடம் கேக்கும். மரைக்குள்ள எடம் ஏது? நெரிச்சுக்கிட்டு நிக்கும். நீ என்ன பண்ற? டப்பாவுலேர்ந்து புஸ்ஸுன்னு அடிச்ச, ஒடனே தொங்கி இழுக்குற. அந்த டபிள்யூடி 40, 1953 வாக்குல அமெரிக்காக்காரன் ராக்கெட்டு துருப்புடிக்காம இருக்கச் செஞ்சது. நாப்பதாவது தடவதான் சரியா வந்துச்சாம், பேருலயே 40-ன்னு வச்சுட்டான். நீ ஒரு ராத்திரி ஊற வைக்க மாட்டியா? ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கலையாம்!

ஊறட்டும். காலையில சின்னச் சுத்தியால சுத்திச் சுத்தித் தட்டு. ஒடைக்கச் சொல்லல, தட்டச் சொன்னேன். அப்புறம் ஒரு மயிரளவு இறுக்கு. ஆமாய்யா, இறுக்கத்தான் சொல்றேன். துரு ஒடைஞ்சு கொடுக்கும். பொறவு திருப்பு. ரிஞ்சு ஒண்ணு போதும்னா நெனச்ச? ஒண்ணு ஃபிட்டிங்கத் திருப்ப, இன்னொண்ணு குழாய அசையாமப் புடிக்க. ஒத்த ரிஞ்சுல ஒம் பலத்தக் காட்டுனா நீ கழட்ட வந்தது அப்படியே இருக்கும், செவுத்துக்குள்ள இருக்குற ஜாயிண்டு முறியும். அப்புறம் டைல்ஸ ஒடை, கொத்தனாரக் கூப்புடு.

அப்பயும் வரலன்னா வெளியில இருக்குற சாக்கெட்ட மட்டும் சூடு காட்டு, விரிஞ்சு கொடுக்கும். எண்ணெய ஊத்திப்புட்டு அதுமேலயே நெருப்பக் காட்டுனன்னு வையி, குழாய் கழலுதோ இல்லியோ, ஒம் புருவம் போயிடும்.

பிவிசின்னா நெருப்பே கூடாது, பொகை நெஞ்ச அறுக்கும். பசை போட்ட ஜாயிண்டத் திருகாத. அந்தப் பசை ரெண்டையும் இளக்கி ஒண்ணாச் சேத்துட்டுது. ஆக்சா பிளேடால அறுத்துட்டு கப்ளர் போடு, சோலி முடிஞ்சுது. பிவிசிக்கு எதுக்குய்யா ரெண்டடி ரிஞ்சு வாங்குன?

மண் குழாய்ல அப்பியிருக்குற சிமெண்ட, செட்டிகுளத்துச் சின்ன வெங்காயம் உரிக்கிற மாதிரி மேலேர்ந்து செதில் செதிலா எடு. சின்ன உளி போதும். அவசரப்பட்டா கழுத்து விண்டுபோயி அடுத்த குழாயும் கையோட வரும். சாம்பல் நெறத்துல பழைய கல்நார் குழாயா இருந்தா அறுக்காத. அந்தத் தூசு நொரையீரல்ல போயி ஒக்காந்தா எறங்காது. வேல தெரிஞ்சவனக் கூப்புடு.

ஆசிட்டு ஊத்துனா கரைஞ்சுடும்னு எவனாவது சொல்லியிருப்பானே? முன்னாடி பிளீச்சிங் பவுடர் போட்ட குழாயில அத ஊத்தாத. குளோரின் வாயு கெளம்பும். ஜன்னலில்லாத குளியலறையில நீ எங்க ஓடுவ?

புதுசா மாட்டுறப்ப ஒரு எடத்துலயாவது ரப்பர் வளையம் போட்ட ஜாயிண்டு வையி. பின்னாடி எவனாவது கழட்டணும்ல? கடைக்காரன், "பசைதான் அண்ணே கெட்டி, அம்பது வருசத்துக்கு அசையாது"ன்னு சொல்லுவான். சொல்லட்டும். அவன் வீட்டுக் குழாயா அது?