முதலில் ஓடட்டும்!

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் ரோபோ செய்யணும்கிறாள். இதற்குச் சென்னைக்கா போக முடியும்?
– ஒரு வாசகி, குற்றாலம்

பதில்: சென்னை எதற்கு? பக்கத்து மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ மென்பொருள் நிறுவனமே இயங்குகிறதே! இரண்டு கியர் மோட்டார், சக்கரங்கள், பேட்டரி போதும். முதலில் ஓடட்டும், புரோகிராம் பிறகு. அடுத்து, வெள்ளைத் தரையில் ஒரு கறுப்புக் கோடு; வண்டி அதைப் பின்தொடர, அடியில் கோட்டின் இருபுறமும் இரண்டு அகச்சிவப்பு சென்சார். வெள்ளைத் தரை ஒளியைத் திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிவிடும். வலது சென்சார் கறுப்பைக் கண்டால் வலது மோட்டார் நிற்கணும். வண்டி தானாக வளையும். தடுமாறினால் நீங்கள் கை வைக்காதீர்கள், காரணத்தை அவளே கண்டுபிடிக்கட்டும். பள்ளியில் இப்படிச் செய்து பார்க்க உதவும் அடல் டிங்கரிங் லேப் இருக்கிறதா என்றும் கேளுங்கள். 6 முதல் 12ஆம் வகுப்பு வரைக்கானது. ஐந்தருவிப் பக்கம் மட்டும் ரோபோவைக் கொண்டுபோக வேண்டாம். அங்குள்ள குரங்குகள் அவளைவிட வேகமாகப் பிரித்துப் பார்த்துவிடும்!